வீட்டில் காய்ச்சும் பீருக்கு ஆக்சிஜன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கேஸ் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். ஆக்சிஜன் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவன் நான். வேலைக்காக மெல்போர்ன் போய் ஒன்பது வருடம் இருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பீர் காய்ச்சக் கற்றுக்கொண்டேன். அங்கே அதற்குச் சட்டத் தடை இல்லை. ஊர் திரும்பியதும் காய்ச்சுவதை விட்டாயிற்று. ஆனால் வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டு, “அண்ணா, ஈஸ்ட் போட்டு ரெண்டு நாளாச்சு, ஒரு குமிழிகூட வரலை” என்று கேட்பது நிற்கவில்லை. விசாரித்துக்கொண்டே போனால் பாதிக்கு மேல் ஆக்சிஜனில் வந்து நிற்கும். கொடுக்க வேண்டிய நேரத்தில் கொடுத்திருக்க மாட்டார்கள், இல்லாவிட்டால் கொடுக்கக் கூடாத நேரத்தில் கொடுத்திருப்பார்கள். போனில் சொல்லிச் சொல்லி வந்ததையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் இதைச் சொல்லுங்கள்: சேலத்தில் வீட்டிலேயே பீர் காய்ச்சலாமா?

கூடாது. 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டுக்குள், நமக்கு மட்டும், கொஞ்சமாக என்பதெல்லாம் விலக்கு ஆகாது. இன்னொன்றும் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் வந்ததே சேலம் மாவட்டத்தில்தான். சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி மாகாணப் பிரதமர் ஆனதும், 1937 அக்டோபர் 1ஆம் தேதி இங்கிருந்துதான் தொடங்கினார்.

அதனால் இங்கே எழுதியிருப்பது சட்டம் அனுமதிக்கும் நாட்டில் இருப்பவர்களுக்கு. பிரிட்டனில் 1963இலிருந்து வீட்டில் காய்ச்ச உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978இல் மத்திய அரசின் சட்டம் வழிவிட்டது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஏற்று, கடைசியாக அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் அனுமதித்தன. நீங்கள் இருக்கும் இடத்து விதியைப் பார்த்துவிட்டுக் கைவையுங்கள். உரிமம் பெற்ற பீர் ஆலையில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகளுக்கும், உணவுத் தொழில்நுட்பம் படிப்பவர்களுக்கும் இதில் உள்ள ஈஸ்ட் விஷயம் அப்படியே பொருந்தும்.

நொதித்தல் காற்றில்லாமல் நடப்பது என்றுதானே படித்தோம்? ஈஸ்டுக்கு எதற்கு ஆக்சிஜன்?

படித்தது சரிதான். ஆனால் நொதிப்பது வேறு, அதற்கு முன்னால் ஈஸ்ட் பெருகுவது வேறு. முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்து, ஹாப்ஸ் என்ற கசப்பான பூவைப் போட்டுக் கொதிக்கவைத்த இனிப்புச் சாற்றை வோர்ட் என்பார்கள். அதில் போடும் ஈஸ்ட் முதலில் மூன்று நான்கு மடங்காவது பெருகினால்தான் அத்தனை சர்க்கரையையும் தின்று முடிக்கும். பெருக வேண்டுமானால் ஒவ்வொரு புதிய செல்லுக்கும் புதிய சவ்வு வேண்டும். அந்தச் சவ்வை இளக்கமாகவும் உறுதியாகவும் வைத்திருப்பவை எர்கோஸ்டெரால் என்ற ஸ்டெராலும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களும். இவை இரண்டையும் உண்டாக்க ஆக்சிஜன் இல்லாமல் ஈஸ்டால் முடியாது. காற்றே இல்லாத இடத்தில் ஈஸ்ட் வளர வேண்டுமென்றால் இவற்றை வெளியிலிருந்து ஊட்டியாக வேண்டும் என்பதை ஆண்ட்ரீசன், ஸ்டியர் என்ற இரு ஆய்வாளர்கள் 1953, 1954ஆம் ஆண்டுகளிலேயே காட்டிவிட்டார்கள்.

இதை நான் நிலம் பிரிப்பதை வைத்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். தாத்தாவிடம் எட்டு ஏக்கர். பிள்ளைகளுக்கு நான்கு நான்கு. பேரன்களுக்கு இரண்டிரண்டு. அடுத்த தலைமுறைக்கு ஒரு ஏக்கர், அதற்குமேல் பிரித்தால் ஏர் திருப்ப இடமில்லை. ஈஸ்ட் செல்லின் உலர் எடையில் ஸ்டெரால் நல்ல நிலையில் 1 சதவீதம் அளவுக்கு இருக்கும். மொட்டுவிட்டுப் பிரியும் ஒவ்வொரு முறையும் தாயும் மகளும் அதைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். மூன்று முறை பிரிந்தாலே 0.1 சதவீதத்தை நெருங்கிவிடும். அங்கே வளர்ச்சி நின்றுபோகும். ஆரம்பத்தில் ஆக்சிஜன் கொடுப்பது என்பது பிரிப்பதற்கு முன்னால் நிலத்தைக் கூட்டிக் கொடுப்பது.

கொதிக்கவைக்கும்போது வோர்ட்டில் இருந்த காற்றெல்லாம் வெளியேறிவிடும். அதனால்தான் நாமே திரும்ப ஏற்ற வேண்டியிருக்கிறது.

ஆக்சிஜன் கொடுத்தால் ஈஸ்ட் மூச்சுவிட்டே சர்க்கரையை எரித்துவிடாதா? ஆல்கஹால் குறையாதா?

குறையாது. சர்க்கரை நிறைய இருக்கும் இடத்தில், ஆக்சிஜன் இருந்தாலும் பீர் ஈஸ்ட் நொதிக்கும் வழியையே பிடிக்கும். இதற்குக் கிராப்ட்ரீ விளைவு என்று பெயர். வோர்ட்டில் சர்க்கரைக்குப் பஞ்சமே இல்லை. நாம் கொடுக்கும் சில மில்லிகிராம் ஆக்சிஜனை ஈஸ்ட் சவ்வு கட்டத்தான் எடுத்துக்கொள்கிறது.

எவ்வளவு வேண்டும்?

கணக்கு பிபிஎம்மில் வரும். ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்க அடர்த்தி (தண்ணீரை 1.000 என்று வைத்து ஹைட்ரோமீட்டரில் பார்ப்பது, சர்க்கரை தீரத் தீர எண் இறங்கும்) 1.050 வரை உள்ள, அறைச் சூட்டில் நொதிக்கும் சாதாரண ஏல் வகை பீருக்கு 8 முதல் 10. குளிரில் மெதுவாக நொதிக்கும் லாகருக்கும், அடர்த்தி கூடிய கனமான பீருக்கும் 10 முதல் 12 வரை. காற்றை மட்டும் வைத்து எவ்வளவு முயன்றாலும் 20 டிகிரி சூட்டில் வோர்ட்டில் 8 பிபிஎம் பக்கம் போய் நின்றுவிடும், ஏனென்றால் காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குதான். அதற்குமேல் வேண்டுமென்றால் சுத்த ஆக்சிஜன்தான் வழி. பெரும்பாலானவர்கள் காய்ச்சுவது 1.050க்கு உட்பட்ட ஏல்தான். அவர்களுக்குக் காற்றே போதும் என்பது என் தீர்மானமான கருத்து.

எந்த நேரத்தில் கொடுப்பது?

ஆறியபின், ஈஸ்ட் போடுவதற்குச் சற்று முன்னோ போட்ட உடனேயோ. ஏலுக்கு 20 டிகிரி பக்கம் வந்திருக்க வேண்டும். எப்படியும் 27க்கு மேல் இருக்கும்போது கை வைக்காதீர்கள். சூடான திரவத்தில் ஆக்சிஜன் நிற்காது, அதோடு கொதிக்கக் கொதிக்க இருக்கும் வோர்ட்டை அலம்பினால் அதுவே கறுத்து, பின்னால் சுவையைக் கெடுக்கும். சாற்றில் கரைந்த ஆக்சிஜனை ஈஸ்ட் சில மணி நேரத்திலேயே முழுவதும் உறிஞ்சிவிடும். அதனால் “மிச்சம் இருந்து பீரைக் கெடுத்துவிடுமோ” என்று பயப்பட வேண்டாம். ஈஸ்ட் போடாமல் ராத்திரி முழுக்கக் காற்றூட்டி வைப்பதுதான் தப்பு.

என்னென்ன வழிகள் இருக்கின்றன? எது நல்லது?

நம் ஊர்க்காரருக்கு முதல் வழி சொல்லித்தரவே வேண்டாம்: ஆற்றுவது. புதிய பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மாஸ்டர் ஒரு கையைத் தலைக்கு மேலும் ஒரு கையை இடுப்புக்குக் கீழும் வைத்து ஆற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். டீ நூலாக விழுந்து, அடியில் இடித்து, வெள்ளையாக நுரை எழும்பும். அவர் சூடு தணிய ஆற்றுகிறார், நாம் காற்று ஏற ஆற்றுகிறோம். வேலை ஒன்றுதான். பாத்திரங்களுக்கான சானிடைசரில் கழுவிய இரண்டு வாளிகளை வைத்துக்கொண்டு, ஆறிய வோர்ட்டை உயரத்திலிருந்து ஐந்தாறு முறை மாற்றி மாற்றி ஊற்றுங்கள். நுரை வாளியின் விளிம்பைத் தொட வேண்டும். மென்மையான பீருக்கு இதுவே போதும்.

இரண்டாவது, மூடிய பாத்திரத்தைக் குலுக்குவது. ஐந்து நிமிடம் குலுக்கியும் 3 பிபிஎம் அளவுக்குத்தான் ஏறியது என்று அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பாத்திரத்தில் மேலே நிறைய காலி இடம் விட்டு, நன்றாக நுரை கிளம்பக் குலுக்கினால் இன்னும் கூடும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: கண்ணாடி ஜாடியைக் குலுக்காதீர்கள். 20 லிட்டர் வோர்ட் நிறைந்தால் ஜாடியோடு சேர்த்து 25 கிலோவைத் தாண்டும். மெல்போர்னில் என்னோடு காய்ச்சிய நண்பர் ஒருவர் ஈரக் கையோடு ஜாடியைத் தூக்கிக் குலுக்கினார். டைல்ஸ் தரையில் பட்டது டொக்கென்ற ஒரே சத்தம்தான். தேன் நிறச் சாறு சமையலறை முழுக்க ஓடியது. அவர் கட்டை விரலை மடக்க முயன்றார், மடங்கவில்லை. உள்ளங்கைப் பக்கம் தசைநார் அறுந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்து, விரல் சரியாக ஐந்து மாதம் ஆனது. குலுக்குவதாக இருந்தால் பிளாஸ்டிக் வாளி அல்லது ஸ்டீல்.

மூன்றாவது, மீன் தொட்டிக்குப் போடும் ஏர் பம்ப். குழாயின் நடுவில் வடிகட்டி, நுனியில் நுண்துளை ஸ்டீல் கல். கல் என்பது பெயர்தான், காற்றைப் பொடிக் குமிழியாக்கும் உலோகத் துண்டு. நல்ல கல்லாக இருந்தால் ஐந்து பத்து நிமிடத்திலேயே காற்றால் முடிந்த உச்சத்தைத் தொட்டுவிடும். பழைய பம்பாக இருந்தால் அரை மணி நேரம் விடுங்கள். காற்று என்பதால் அளவு மீறிவிடும் என்ற கவலை கிடையாது. நுரை பொங்கி வழிவதுதான் தொல்லை, கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி விடுங்கள். பம்பை எப்போதும் வோர்ட் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்திருக்கும்போது கரண்ட் போனால், சாறு குழாய் வழியே இறங்கிப் பம்புக்குள் போய்விடும். கரண்ட் வந்ததும் ஷாக் அடிக்கவும் வாய்ப்பு உண்டு. மீன் கடையிலேயே ஒருவழி வால்வு கிடைக்கும், சின்னச் சாமான், வாங்கிப் போட்டுவிடுங்கள்.

நான்காவது சுத்த ஆக்சிஜன். 20 லிட்டருக்கு நிமிடத்துக்கு 1 லிட்டர் வீதம் ஒரு நிமிடம் விட்டால் 9 பிபிஎம் பக்கம் வரும். கல் அடியைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும், மேலே குமிழி கொப்பளிக்கக் கூடாது. கொப்பளித்தால் அந்த ஆக்சிஜன் கரையாமல் அறைக்குள் போகிறது என்று அர்த்தம். வேகமான வழி இதுதான். ஆபத்தும் இதில்தான்.

ஆக்சிஜன் சிலிண்டர் வீட்டில் வைப்பது அவ்வளவு ஆபத்தா? ஆக்சிஜன் எரியாதே?

ஆக்சிஜன் எரியாது. மற்ற எல்லாவற்றையும் எரிய வைக்கும். காற்றில் 21 சதவீதம் இருப்பது 23.5 சதவீதத்தைத் தாண்டினாலே அந்த இடத்தை ஆபத்தான இடமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது தொழிற்கூட விதி. கனன்றுகொண்டிருக்கும் துணி அங்கே குப்பென்று பிடிக்கும்.

எங்கள் பட்டறையில் லேத் ஓட்டுபவர்களும் வெல்டிங் செய்பவர்களும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள். லேத்காரர் கையில் எப்போதும் கிரீஸ். அவர்கள் யாரும் ஆக்சிஜன் ரெகுலேட்டரைத் தொடக் கூடாது, எவ்வளவு அவசரமானாலும். எனக்குப் பத்து வயதிருக்கும். சைக்கிள் செயின் மாட்டிய கையோடு வால்வைத் திருப்பப் போனேன். அப்பா பளீரென்று கையைத் தட்டிவிட்டார். அடித்ததைவிட அவர் முகம் வெளுத்ததுதான் இன்றும் ஞாபகம் இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவவைத்து, துடைக்க வெள்ளைத் துணி கொடுத்தார், அழுக்கு மிச்சம் இருந்தால் துணியில் தெரியும் என்று. நிறைந்த சிலிண்டரில் 150 பார் அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தில் பாயும் ஆக்சிஜனில் எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் தீப்பொறியே தேவையில்லை, தானாகப் பற்றிக்கொள்ளும்.

பீர் காய்ச்சுவது சமையலறையில். அங்கே எண்ணெய் இல்லாத இடம் எது? வடை சுட்ட கை, தாளித்த கரண்டி, தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய். அதனால் ரெகுலேட்டரைத் தொடும் முன் கை கழுவித் துடைப்பது முதல் வேலை. மரையில் எண்ணெய், வாசலின், சாதாரண டேப் எதுவும் போடக் கூடாது. இறுக்கமாக இருந்தால் கடைக்காரரிடம் கொண்டுபோங்கள்.

அடுப்பை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு ஆரம்பியுங்கள். முடிந்தால் வராந்தாவிலோ கொல்லையிலோ செய்யுங்கள். சாமி விளக்கு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் பக்கத்தில் வேண்டாம். பெரிய சிலிண்டர் என்றால் நிமிர்த்திச் சங்கிலி போட்டுச் சுவரோடு கட்டுங்கள். வால்வைத் திறக்கும்போது ரெகுலேட்டர் முகத்துக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று, கால் சுற்று, கால் சுற்றாக மெதுவாகத் திறங்கள். திடீரென்று திறந்தால் உள்ளே அழுத்தம் பாய்ந்து சூடேறும். முடிந்ததும் வால்வை மூடி, குழாயில் இருப்பதை வெளியேற்றி, ரெகுலேட்டரைத் தளர்த்தி வையுங்கள். லுங்கியும் சட்டையும் கூட ஆக்சிஜனை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், அதனால் கால் மணி நேரமாவது வெளிக்காற்றில் நின்றுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அசிட்டிலின் ரெகுலேட்டரையோ சமையல் கேஸ் ரெகுலேட்டரையோ மாற்றிப் போட்டுப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

அமெரிக்காவில் வன்பொருள் கடையில் சிவப்புக் குப்பியாக விற்கும் சின்ன ஆக்சிஜனைத்தான் வீட்டில் காய்ச்சுபவர்கள் அதிகம் வாங்குகிறார்கள். அதில் 40 கிராம் ஆக்சிஜன், அதாவது அறை அழுத்தத்தில் 30 லிட்டர் அளவு. ஒரு முறைக்கு 1 லிட்டர் என்றால் 20, 25 முறை வர வேண்டும். நாலு முறையில் தீர்ந்துபோனால் வால்வு கசிகிறது. குப்பி காலியாவதைவிட உங்கள் அலமாரிக்குள் ஆக்சிஜன் நிறைவதுதான் அதில் கவலை. ஒவ்வொரு முறையும் வால்வைக் கழற்றி வையுங்கள்.

வெல்டிங் ஆக்சிஜன் போடலாமா, மருத்துவ ஆக்சிஜன்தான் வேண்டுமா?

இரண்டும் பெரும்பாலும் காற்றைக் குளிர்வித்துப் பிரிப்பதில்தான் வருகின்றன. வித்தியாசம் சிலிண்டரைக் கையாள்வதில் இருக்கிறது. இங்கே தொழிற்சாலை ஆக்சிஜன் சிலிண்டர் முழுக் கறுப்பு, மருத்துவ ஆக்சிஜன் கறுப்பு உடலும் வெள்ளைத் தோளும். மருத்துவ சிலிண்டரை நிரப்பும் முன் சுத்தம் பார்ப்பார்கள், ஒவ்வொரு தொகுதிக்கும் சோதனை உண்டு. பட்டறை சிலிண்டருக்கு அந்த அளவு கிடையாது. வெளிநாட்டில் வீட்டில் காய்ச்சுபவர்கள் வெல்டிங் ஆக்சிஜனைத்தான் வடிகட்டி போட்டுப் பயன்படுத்துகிறார்கள். ஆலையில் உணவுத் தர ஆக்சிஜன் வாங்குவார்கள்.

நோயாளிக்காக வாங்கிய சிலிண்டரில் கை வைக்காதீர்கள். 2021 இரண்டாம் அலையில் சேலம் உருக்காலை வளாகத்தில் ஆக்சிஜன் வசதியோடு 500 படுக்கைகள் போட வேண்டிவந்ததை நாம் பார்த்தோம். அந்த மே மாதம் இந்த ஊரில் இருந்த யாரும் மருத்துவ ஆக்சிஜனை இதற்குக் கேட்க மாட்டார்கள். அப்போது வாங்கிய கான்சென்ட்ரேட்டர் வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று ஒரு தம்பி கேட்டார். அது 90 முதல் 95 சதவீதம் ஆக்சிஜன் தரும், மிச்சம் பெரும்பாலும் ஆர்கான். ஈஸ்டுக்குக் கெடுதல் இல்லை. உயர் அழுத்த சிலிண்டர் இல்லாததால் அந்த ஆபத்தும் குறைவு. ஆனால் நெருப்பு விதிகள் அத்தனையும் அதற்கும் உண்டு.

உலர் ஈஸ்ட் பாக்கெட் போடுகிறேன். அதற்கும் வேண்டுமா?

முதல் முறைக்குத் தேவையில்லை. தயாரிக்கும்போதே காற்றூட்டி வளர்த்து, ஸ்டெராலைச் சேமிப்பாக ஏற்றித்தான் உலர்த்துகிறார்கள். ஆற்றி ஊற்றினால் போதும், அதுவும் ஈஸ்ட் பரவலாகக் கலப்பதற்காக. அடியில் படிந்த ஈஸ்டை எடுத்து அடுத்த முறைக்குப் போடும்போது அந்தச் சேமிப்பு தீர்ந்திருக்கும். அப்போது திரவ ஈஸ்ட் போலவே நடத்துங்கள்.

நான் டென்வரில் இருக்கிறேன். உயரமான ஊரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும் என்கிறார்களே?

உண்மைதான். டென்வர் 1600 மீட்டர், நம் ஏற்காடு சுமார் 1500 மீட்டர். கிட்டத்தட்ட ஏற்காட்டு ஏரிக்கரையில் நின்று காய்ச்சுவது மாதிரி. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 84 சதவீதம்தான், கரையும் ஆக்சிஜனும் அதே கணக்கில் குறையும். ஆனால் சூட்டையும் சேர்த்துப் பாருங்கள். வெறும் தண்ணீரை வைத்துக் கணக்குப் போட்டால், சேலத்தில் 30 டிகிரியில் லிட்டருக்கு 7.3 மில்லிகிராம் கரையும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டில் 18 டிகிரியில் பார்த்தால் 7.9. உயரத்தில் இழந்ததைக் குளிர் திருப்பிக் கொடுத்து, கொஞ்சம் கூடுதலாகவும் கொடுத்துவிடுகிறது. வோர்ட்டில் சர்க்கரை இருப்பதால் இரண்டு எண்ணும் இன்னும் குறையும், போக்கு இதேதான்.

அதனால் டென்வரில் இருப்பவர் வோர்ட்டை 18 டிகிரிக்குக் குளிர்வித்துப் பம்ப் போட்டால் சாதாரண ஏலுக்குச் சமாளிக்கலாம். கனமான பீருக்குச் சுத்த ஆக்சிஜன் வேண்டியிருக்கும்.

ஆலிவ் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் ஆக்சிஜனே வேண்டாமாமே? நல்லெண்ணெய் விடலாமா?

கொலராடோவின் நியூ பெல்ஜியம் ஆலையில் இதை உண்மையாகவே சோதித்தார்கள். ஆலிவ் எண்ணெயில் உள்ள ஒலியிக் அமிலம் ஈஸ்டுக்குத் தேவையான நிறைவுறாக் கொழுப்பு என்பதுதான் காரணம். நல்லெண்ணெயிலும் ஒலியிக் அமிலம் நிறையவே உண்டு. ஆனால் அவர்கள் எண்ணெயைச் சேர்த்தது சேமிப்பில் இருந்த ஈஸ்டில், ஆயிரக்கணக்கான லிட்டருக்கான அளவு. 20 லிட்டருக்கு அதைச் சுருக்கினால் ஊசி முனை நனையும் அளவுகூட வராது. நாம் விடும் ஒரு சொட்டு நுரையைக் கொன்றுவிடும், நாளாக நாளாகச் சிக்கு வாடை அடிக்கும். அதோடு ஸ்டெரால் குறை அப்படியே இருக்கும். நல்லெண்ணெய் இட்லிப் பொடிக்கே இருக்கட்டும்.

காற்று வழியே கிருமி வராதா?

வரும். மாவு அரைத்த சமையலறையிலும் மாம்பழம் கனிந்துகொண்டிருக்கும் அறையிலும் காட்டு ஈஸ்டுக்கும் பாக்டீரியாவுக்கும் குறைவில்லை. பம்ப் குழாயின் நடுவில் 0.2 மைக்ரான் வடிகட்டி போடுங்கள். அது நனைந்தால் வேலை செய்யாது, மாற்றிவிட வேண்டும். பஞ்சை அடைத்தும் காற்றை வடிகட்டலாம். ஷ்ரோடர், வான் டுஷ் என்ற ஜெர்மன் ஆய்வாளர்கள் இருவரும் 1854இல் செய்துகாட்டியது அதுதான். அவசரத்துக்குச் சுத்தமான பஞ்சு கைகொடுக்கும், தினமும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஸ்டீல் கல்லில் கவனம் வையுங்கள். காற்றுக்கு 2 மைக்ரான், சுத்த ஆக்சிஜனுக்கு 0.5 மைக்ரான் துளை. விரலால் தொட்டால் தோலின் எண்ணெய் துளையை அடைத்துவிடும், தண்டைப் பிடித்தே தூக்குங்கள். வேலை முடிந்ததும் வெந்நீருக்குள் வைத்துக் காற்றை ஊதி உள்ளே இருக்கும் சாற்றை வெளியேற்றி, அப்புறம் 15 நிமிடம் கொதிக்கவையுங்கள். அடுத்த முறை போடும் முன்னும் ஒருமுறை கொதிக்கவைக்க வேண்டும். சாறு உள்ளே காய்ந்த கல் பார்க்கப் பளபளவென்று இருக்கும், உள்ளே புளித்துக்கிடக்கும்.

ஆக்சிஜன் அதிகமாகிவிட்டால்?

காற்றில் ஆகாது. சுத்த ஆக்சிஜனில் 20, 30 பிபிஎம் வரைகூட ஏறிவிடும். ஈஸ்ட் தேவைக்கு மேல் பெருகும், சூடு ஏறும், சுவையைக் கெடுக்கும் கனமான ஆல்கஹால்கள் கூடும். கடிகாரம் பார்த்து நிறுத்துங்கள்.

1.090 அடர்த்தியில் காய்ச்சுகிறேன். இரண்டாவது முறை கொடுக்கச் சொல்கிறார்களே?

கொடுக்கலாம். 1.080க்கு மேல் போனால் பலர் கொடுக்கிறார்கள். ஈஸ்ட் போட்டு 12 மணி நேரம் வாக்கில், நுரை அப்போதுதான் எழும்பத் தொடங்கும் நேரத்தில், இன்னொரு நிமிடம். 18 மணி நேரத்தைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். என்னுடைய முதல் கனமான பீரில் இதைச் செய்யாமல் விட்டேன், 1.030இல் வந்து நின்றுவிட்டது, பாகு போல இனித்தது, ஒன்றரை மாதம் காத்தும் அசையவில்லை.

ஆக்சிஜன் பற்றாக்குறை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு நாள் முழுக்கக் கிளம்பாமல் கிடப்பது, பாதியில் நிற்பது, பச்சை ஆப்பிள் வாசனை, வழக்கத்துக்கு மேல் பழ வாசனை. ஆனால் ஈஸ்ட் பழையதாக இருந்தாலும், போட்டது குறைவாக இருந்தாலும் இதே அறிகுறிகள் வரும். முதலில் ஈஸ்டின் தேதியைப் பாருங்கள்.

பாட்டிலில் அடைக்கும்போது ஏன் காற்றே படக் கூடாது என்கிறீர்கள்?

அப்போது அதை எடுத்துக்கொள்ள ஈஸ்ட் சுறுசுறுப்பாக இல்லை, பீர்தான் எடுத்துக்கொள்ளும். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வரும், ஹாப்ஸ் மணம் போகும், வெளிர் மஞ்சள் பழுப்பாகும். நல்ல ஆலைகளில் அடைத்த பீரில் 0.05 பிபிஎம்முக்கும் கீழே வைக்கப் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் நாம் ஆசையாகக் கொடுத்ததில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. குழாயைப் பாட்டிலின் அடிவரை விட்டு, சத்தமில்லாமல் நிரப்புங்கள். இங்கே ஆற்றவே கூடாது.

பத்து நாளாக 1.025இல் நிற்கிறது. இப்போது ஆக்சிஜன் கொடுத்துக் கிளப்பலாமா?

இந்தக் கேள்விதான் ராத்திரிப் போனில் அதிகம் வருகிறது. கொடுக்காதீர்கள். உள்ளே இருப்பது இனி வோர்ட் இல்லை, பீர். ஆக்சிஜன் நேரே அதைத்தான் கெடுக்கும். முதலில் சூட்டை இரண்டு மூன்று டிகிரி ஏற்றி, பாத்திரத்தை அலம்பாமல் மெல்லச் சுழற்றி, அடியில் படிந்த ஈஸ்டை எழுப்பிவிட்டு மூன்று நாள் பாருங்கள். ஹைட்ரோமீட்டரில் எண் இறங்கவில்லை என்றால், தனிப் பாட்டிலில் ஒரு லிட்டர் வோர்ட் எடுத்து, அதற்கு நன்றாகக் காற்றூட்டி, புதிய ஈஸ்ட் போட்டு, நுரை உச்சத்தில் பொங்கிக்கொண்டிருக்கும்போது அதைப் பெரிய பாத்திரத்தில் சத்தமில்லாமல் சேர்த்துவிடுங்கள். ஆக்சிஜனைப் புதிய ஈஸ்ட் அந்தப் பாட்டிலிலேயே வாங்கிக்கொண்டு வந்திருக்கும்.